போய்ச் சேராத மின்னஞ்சல்: எங்கே நின்றது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பலர் அதையே மறுபடி மறுபடி அனுப்புகிறார்கள். சிலர் வாசகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். வேறு சிலர் தம் இணையதளத்தையும் அஞ்சலையும் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தையே மாற்றிவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் முதல் வேலை அல்ல. அஞ்சல் எந்த இடத்தில், என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டது என்று கண்டறிவதுதான் முதல் வேலை. சொந்த டொமைனில் (தங்களுக்கென்று பதிவுசெய்த இணையப் பெயரில்) மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு நிறுவனம், பள்ளி, சங்கம் போன்றவற்றின் அஞ்சலைக் கவனித்துக்கொள்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விலைப்பட்டியலும் ரசீதும் வாடிக்கையாளரின் ஸ்பேம் வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும்போது கேட்க ஆளில்லாமல் தவிப்பவர்கள் சிறிய இடங்களில் இருப்பவர்களே.

பெறுபவரின் சேவை நிறுவனம் ஓர் அஞ்சலைச் சந்தேகித்தால் மூன்றில் ஒன்றைச் செய்யும். வாசலிலேயே மறுத்து, அதற்கான எண்ணையும் காரணத்தையும் சொல்லலாம். ஏற்றுக்கொண்டு ஸ்பேம் பெட்டியில் போடலாம். ஏற்றுக்கொண்டபின் யாருக்கும் சொல்லாமல் அழித்துவிடலாம். முதலாவதுதான் நேர்மையான வழி. அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடும். மூன்றாவதை எந்தச் சேவை நிறுவனமும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது ஏன் நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பேம் அனுப்புபவர்கள் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுகிறார்கள். ஆகவே முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு சோதிக்கும் சர்வர், மறுப்பைத் திருப்பி அனுப்பினால், அது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். அதைத் தவிர்க்கச் சில நிர்வாகிகள் பேசாமல் அழித்துவிடுகிறார்கள். இணைப்பு திறந்திருக்கும்போதே சோதித்து, அப்போதே மறுத்துவிட்டால் இந்தச் சங்கடம் எழாது.

சேவை நிறுவனத்தின் வடிகட்டி எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் ஒரு சான்று. 2004-இன் இறுதியிலும் 2005-இன் தொடக்கத்திலும் அது ஸ்பேமைத் தடுப்பதாகச் சொல்லி ஐரோப்பாவிலிருந்து வந்த அஞ்சல்களைப் பெருமளவில் மறுத்தது. வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006-இல் அது சமரசத்தில் முடிந்தது. அனுப்பியவர் யார், என்ன எழுதினார் என்று பார்க்காமல், எந்த ஐபி முகவரித் தொகுதியிலிருந்து (அனுப்பும் சர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்ணே ஐபி முகவரி) வந்தது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

திரும்பி வந்த அறிவிப்பைப் படித்தல்

அஞ்சல் மறுக்கப்பட்டால் உங்கள் பெட்டிக்கு ஓர் அறிவிப்பு வரும். ஆங்கிலத்தில், எண்களோடு, நீளமாக இருப்பதால் பலர் அதைப் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். அதை அழிக்காதீர்கள், முழுவதையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

முதலில் மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். அது 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. உங்கள் சர்வர் தானே சற்று நேரம் கழித்து மறுபடி முயலும். முன்பின் தெரியாத அனுப்புநரை முதல் முறை திருப்பிவிட்டு, மறுபடி வருகிறாரா என்று பார்க்கும் ‘கிரேலிஸ்டிங்’ என்ற முறையும் 4-இல் தொடங்கும் எண்ணையே தரும். குறைந்தது நான்கைந்து நாள் முயன்று பார்த்த பின்னரே ஒரு சர்வர் கைவிட வேண்டும் என்பது மின்னஞ்சல் நெறிமுறையின் அறிவுரை. ஆகவே ‘தாமதம்’ என்ற அறிவிப்பு வந்தால் பதறாமல் காத்திருக்கலாம். 5-இல் தொடங்கினால் அது நிரந்தர மறுப்பு; அதே அஞ்சலை அதே வழியில் திரும்ப அனுப்புவதால் பயனில்லை.

அதற்கு அடுத்து, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட இன்னோர் எண் இருக்கும்: 5.1.1, 5.2.2, 5.7.1 என்பது போல. இதில் நடு எண்தான் முக்கியம். 1 என்றால் முகவரியில் தவறு. 2 என்றால் பெறுபவரின் பெட்டியில் சிக்கல், பெரும்பாலும் இடமின்மை. 7 என்றால் பாதுகாப்பு அல்லது கொள்கை காரணமான மறுப்பு. ஸ்பேம் வடிகட்டியின் வேலை பெரும்பாலும் 7-இல்தான் வரும். 5.1.1 என்று வந்த அஞ்சலுக்காக ஸ்பேம் வடிகட்டியைக் குறைசொல்லிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே எழுத்துப்பிழையைச் சரிபார்த்தாலே போதும்.

கடைசி எண்ணும் பின்வரும் வாக்கியமும் இன்னும் துல்லியமான சேதி சொல்லும். ஜிமெயில் 5.7.25 என்று சொன்னால், அனுப்பிய ஐபி முகவரிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு இல்லை என்று பொருள் (இணையப் பெயர்களையும் ஐபி எண்களையும் இணைத்துக் காட்டும் பொதுப் பதிவேடு டிஎன்எஸ்; எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது தலைகீழ்ப் பதிவு), 5.7.26 என்றால், அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று பொருள். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் சேவை, உங்கள் ஐபி முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் காட்டி, உங்கள் சேவை நிறுவனத்தின் வலையமைப்பில் ஒரு பகுதி எங்கள் தடைப்பட்டியலில் உள்ளது என்று சொல்லி, இறுதியில் எஸ்3150 என்ற குறியைப் போட்டால், தவறு உங்களுடையது அல்ல என்றே பெரும்பாலும் கொள்ளலாம். உங்களைச் சுற்றியுள்ள முகவரித் தொகுதியும் தடைபட்டிருக்கக்கூடும்.

அறிவிப்பே வரவில்லை, பெறுபவரின் ஸ்பேம் பெட்டியிலும் இல்லை என்றால், உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்த அஞ்சலின் சர்வர் பதிவேட்டு வரியைக் கேளுங்கள். அதில் 250 என்ற எண் இருந்தால் எதிர்ப்பக்கச் சர்வர் அஞ்சலைப் பெற்றுக்கொண்டது என்று பொருள். அதன்பின் நடந்ததற்கு அவர்களே பொறுப்பு. கேள்வியைப் பெறுபவர் தம் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 250 என்ற வரியே இல்லையென்றால் அஞ்சல் உங்கள் பக்கத்திலேயே நின்றிருக்கிறது.

கறுப்புப் பட்டியலில் உங்கள் ஐபி முகவரி

மலிவான ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் ஒரே ஐபி முகவரியிலிருந்து அஞ்சல் அனுப்பும். அவற்றில் ஒரு தளத்தின் கடவுச்சொல் திருடுபோய் ஸ்பேம் வெளியேறினால், அந்த முகவரி, ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுத்துவைக்கும் கறுப்புப் பட்டியலில் ஏறும். எந்தத் தவறும் செய்யாத மற்ற எல்லாருடைய அஞ்சலும் சேர்ந்து தடைபடும். சிறு நிறுவனங்களின் அஞ்சல் தடைபடுவதற்கு நான் மிகுதியாகப் பார்க்கும் காரணங்களுள் இது ஒன்று.

1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் பட்டியலே பரவலாகப் பயன்படுவது. அவர்களுடைய தளத்தில் ஐபி முகவரியைக் கொடுத்தே சோதிக்கலாம். டிஎன்எஸ் வழியாக நேரடியாகக் கேட்கவும் முடியும்: முகவரி 192.0.2.45 என்றால் அதைத் திருப்பி 45.2.0.192 என்று எழுதி, பின்னால் அவர்களுடைய ‘ஜென்’ பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பதில் எதுவும் வராவிட்டால் நீங்கள் பட்டியலில் இல்லை. 127.0.0.2 என்று வந்தால் ஸ்பேமோடு தொடர்புடைய முகவரி என்று அவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள், 127.0.0.4 என்றால் அந்தக் கணினியில் தீநிரல் புகுந்திருக்கக்கூடும், 127.0.0.10 அல்லது 127.0.0.11 என்றால் அது குற்றச்சாட்டே அல்ல. வீட்டு பிராட்பேண்ட் போன்ற, நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரித் தொகுதி என்பதையே அது குறிக்கிறது. அப்படியானால் பட்டியலிலிருந்து நீக்கக் கோருவதைவிட, உங்கள் நிறுவனத்தின் சர்வர் வழியாக, 587 அல்லது 465 போர்ட்டில், பயனர்பெயர் கடவுச்சொல்லோடு அனுப்புமாறு அஞ்சல் மென்பொருளை அமைப்பதே சரியான தீர்வு.

127.255.255.254 என்ற பதிலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பொது டிஎன்எஸ் சேவைகள் வழியாகக் கேட்பவர்களுக்கு ஸ்பாம்ஹவுஸ் தரும் பிழைச் செய்தி அது. உங்கள் முகவரியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனால் எந்தப் பதில் வந்தாலும் ‘ஸ்பேம்’ என்று எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட சர்வர்கள், இதனால் தமக்கு வரும் எல்லா அஞ்சலையும் மறுத்துவிடுகின்றன. இதுபோன்ற விபத்து முன்பே நடந்திருக்கிறது. 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓஆர்டிபி என்ற பட்டியலை 2008-இலும் நீக்காமல் பயன்படுத்திவந்த சர்வர்கள் ஏராளம். அந்த ஆண்டு மார்ச்சில் அது கேட்ட முகவரியெல்லாம் ஸ்பேம் என்று பதில் சொல்லத் தொடங்கியபோது, அந்தச் சர்வர்களின் அஞ்சல் ஒரே நாளில் நின்றுபோனது. ஆகவே மறுப்பில் ஒரு பட்டியலின் பெயர் இருந்து, அந்தப் பட்டியலில் உங்கள் முகவரி இல்லை என்றால், பிழை எதிர்ப்பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு.

நீக்கக் கோருவதற்கு முன் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். தீநிரல் இருக்கும்போதே பெயரை நீக்கினால் மறுபடி ஏறிவிடும். ஸ்பாம்ஹவுஸ் நீக்கக் கட்டணம் வாங்குவதில்லை. உடனே நீக்கப் பணம் கேட்கும் பட்டியல்களும் உண்டு; அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பகிர்ந்த ஐபி முகவரி என்றால் நீக்கக் கோர வேண்டியது நீங்கள் அல்ல, ஹோஸ்டிங் நிறுவனம். மாதம் ஒருமுறை அதே முகவரி பட்டியலில் ஏறுகிறது என்றால் அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைக் கண்காணிப்பதில்லை என்று பொருள். இணையதளத்தை அங்கேயே விட்டுவிட்டு அஞ்சலை மட்டும் வேறு சேவைக்கு மாற்றுவது நல்லது.

டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபித்தல்

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இந்தச் சோதனையைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் (அஞ்சல் அந்த டொமைனிலிருந்தே வந்தது என்று சோதிக்க உதவும் மூன்று முறைகள்; விளக்கம் கீழே) கட்டாயம். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதத்தில் இதே வழிக்கு வந்தது. எவ்வளவு சிறிய இடமாக இருந்தாலும் மூன்றையும் செய்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

இப்போதைய நிலையைப் பார்ப்பது எளிது. உங்கள் டொமைனிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயில் கணக்குக்கு ஓர் அஞ்சல் அனுப்பி, அதைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘அசலைக் காட்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள அட்டவணையில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற வரிகளுக்கு எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். எந்த வரியில் அது இல்லையோ அங்கே வேலை இருக்கிறது.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைனின் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் ஒரு வரி. புதிதாக ஒரு செய்திமடல் சேவையைச் சேர்க்கும்போது, அந்தச் சேவை கொடுக்கும் வரியை இரண்டாவது பதிவாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே செல்லாததாகிவிடும். இரண்டையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும். அந்த வரியைப் படிக்க 10-க்கு மேல் டிஎன்எஸ் தேடல்கள் தேவைப்பட்டாலும் செல்லாது. எனவே பழைய, பயன்படுத்தாத சேவைகளை வரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டிகிம் என்பது ஒவ்வோர் அஞ்சலிலும் அனுப்பும் சர்வர் இடும் மின்கையொப்பம். அதை ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே இயக்கலாம். அது தரும் சாவியை டிஎன்எஸ்ஸில் சேர்த்தால் போதும். பெறுபவர் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால் எஸ்பிஎஃப் முறிந்துவிடும், டிகிம் பெரும்பாலும் நிலைக்கும். அதனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் டிகிமையே தேர்ந்தெடுப்பேன். டிமார்க் என்பது இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் பதிவு. அதைத் தொடக்கத்தில் ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்ற கொள்கையோடு வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்துவிட்டுப் பிறகு கடுமையாக்குவது பாதுகாப்பானது. எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (மறுத்துவிடு) என்று வைத்தால், நீங்கள் மறந்துபோன ஏதோவொரு பில்லிங் மென்பொருள் அனுப்பும் ரசீதுகள் எல்லாம் மறுக்கப்படும்.

இணையதளத்தின் தொடர்புப் படிவம் தனியாகக் கவனிக்க வேண்டியது. படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு உங்களுக்கு அஞ்சல் அனுப்பும் நிரல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. யாகூ 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு டிமார்க் ‘ரிஜெக்ட்’ கொள்கையை அறிவித்தது. ஆகவே யாகூ முகவரி கொண்ட வாடிக்கையாளர் உங்கள் படிவத்தில் எழுதும் விசாரணை, யாகூவின் சர்வரிலிருந்து வராததால், உங்கள் பெட்டிக்கே வராமல் போகும். அனுப்புநர் முகவரியாக உங்கள் டொமைன் முகவரியையும், பதில் முகவரியாக வாடிக்கையாளரின் முகவரியையும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வரி மாற்றம். இழந்துகொண்டிருந்த விசாரணைகள் வரத் தொடங்கும்.

தமிழில் எழுதும் அஞ்சல்

தமிழில் பொருள்வரி எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. அஞ்சலின் தலைப்பகுதியில் மரபுப்படி ஆங்கில எழுத்துகளே இடம்பெறலாம் என்பதால், தமிழ்ப் பொருள்வரியை ஆங்கில எழுத்துகளாகக் குறியாக்கம் செய்துதான் அனுப்ப வேண்டும். ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட் ஆகியவை இதைத் தாமே செய்கின்றன. கைப்பட எழுதிய பிஎச்பி நிரல்கள் பலவும் செய்வதில்லை. குறியாக்கமில்லாத பொருள்வரியை ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகள் சந்தேகத்துக்குரிய அறிகுறியாகக் கணக்கிட்டு மதிப்பெண் சேர்க்கின்றன. இயல்பான அமைப்பில் 5 மதிப்பெண் வந்தால் அஞ்சல் ஸ்பேம்.

குறியாக்கம் செய்தாலும், ஒரு துண்டு 75 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் 3 பைட் எடுப்பதால் ஒரு துண்டில் 15 குறியீடுகளே கொள்ளும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள்; ‘வணக்கம்’ என்பதற்கே 7 தேவை. ஆகவே சாதாரணமான ஒரு தமிழ்ப் பொருள்வரியும் மூன்று நான்கு துண்டுகளாகும். நிரல் ஒரு குறியீட்டின் நடுவில் துண்டாக்கினால் பெறுபவருக்குச் சிதைந்த கட்டங்கள் தெரியும். இதைக் கையால் எழுத முயலாமல், நன்கு பராமரிக்கப்படும் அஞ்சல் நூலகம் ஒன்றைப் பயன்படுத்துமாறு நிரலாளரிடம் வற்புறுத்துங்கள்.

ஸ்பாம்அசாசினில் எந்த மொழிகளில் அஞ்சல் வரலாம் என்று நிர்வாகி வரையறுக்கும் வசதியும் உண்டு. ஆங்கிலம் மட்டும் என்று வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினால், தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக மதிப்பெண் ஏறும். இதை அனுப்புபவர் மாற்ற முடியாது. பெறுபவர் தம் நிர்வாகியிடம் கேட்டுத் தமிழையும் சேர்க்கச் சொல்ல வேண்டும், கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு.

பெறுபவர் செய்யக்கூடியவை

பெறுபவர் ஸ்பேம் பெட்டியைத் திறந்து ‘ஸ்பேம் அல்ல’ என்று குறிப்பதும், அனுப்புநரைத் தொடர்புப் பட்டியலில் சேர்ப்பதும் முதற்படி. ஜிமெயிலில் அந்த முகவரிக்கு ஒரு வடிகட்டி அமைத்து, ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்ற தேர்வை வைக்கலாம். ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டி 30 நாளில் தானாகக் காலியாகும் என்பதால் தாமதிக்க வேண்டாம். பாப் முறையில் அஞ்சலை இறக்கிப் படிப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அந்த முறை உள்பெட்டியை மட்டுமே இறக்கும். ஸ்பேம் பெட்டி சர்வரிலேயே இருக்கும். வெப்மெயிலில் நுழைந்தால்தான் அது கண்ணில் படும்.

யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது

ஒவ்வொரு அஞ்சல் டொமைனிலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் முகவரி இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. பெரிய சேவைகள் படிவங்களையும் வைத்திருக்கின்றன. தடைபட்ட டொமைனிலிருந்தே முறையீட்டை அனுப்பினால் அதுவும் தடைபடக்கூடும்; வேறு முகவரியிலிருந்து எழுதுங்கள். கோபமும் வரலாறும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“எங்கள் சர்வரின் ஐபி முகவரி 192.0.2.45. இன்று இந்திய நேரம் காலை 10:42 மணிக்கு (யுடிசி 05:12) உங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பிய அஞ்சல் 550 5.7.1 என்ற எண்ணுடன் மறுக்கப்பட்டது. மறுப்பின் முழு வாசகமும் அஞ்சலின் தலைப்பகுதியும் கீழே உள்ளன. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் சரியாக உள்ளன. ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் எங்கள் முகவரி இல்லை. தடைக்கான காரணத்தைத் தெரிவிக்கவும், இல்லையேல் தடையை நீக்கவும்.”

பதிவேட்டில் தேடுபவருக்கு நேரமும் ஐபி முகவரியும் செய்தி எண்ணும்தான் வேண்டும். தலைப்பகுதியை முழுவதும் ஒட்டினால் செய்தி எண் அதிலேயே இருக்கும். இதே விவரங்களைப் பெறுபவருக்கும் கொடுத்து, அவரையும் தம் சேவை நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நிறுவனத்துக்கு யாரோ. அவர் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்.

தடை நீங்கியதும், தேங்கியிருந்த அஞ்சல்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடாதீர்கள். சற்று முன்வரை சந்தேகத்தில் இருந்த ஒரு முகவரியிலிருந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் அஞ்சல் வந்தால், வடிகட்டி மறுபடி விழித்துக்கொள்ளும். அவசரமான ரசீதுகளையும் நேரடிப் பதில்களையும் முதல் நாளிலும், செய்திமடல் போன்றவற்றைச் சில நாள் கழித்துச் சிறுசிறு தொகுதிகளாகவும் அனுப்புங்கள். ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் பதிவேட்டில் 250 வருகிறதா, 4-இல் தொடங்கும் எண்கள் தலைகாட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்ததை விடுங்கள்.